மான் கொம்பில் தொங்கிய சாவி

அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டு என்னைக் குழிபறித்தவன் என்று நினைக்க வேண்டாம்.

படத்தில் டார்லா வீஸ்னர் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பாள். ஆரஞ்சுக் கோட்டு, குளிரில் சிவந்த மூக்கு, மடியில் எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண்மானின் தலை. வலது கொம்பில் சிவப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சாவி தொங்கும். கீழே நான் எழுதியிருந்தேன்: 'எங்கள் எல்லோருக்கும் லீவு வாங்கிக் கொடுத்த மகராசி!' இருநூறு பேருக்கு மேல் லைக் போட்டார்கள். லைக் போடாமல் பார்த்துவிட்டுப் போனது எங்கள் ஆலையின் எச்.ஆர். அதிகாரி மிஸ் ஹாஸ்கல்.

எங்கள் ஊர் விஸ்கான்சினின் வடக்குக் கோடி. இங்கே வேலை என்றால் சீஸ் ஆலைதான். நான் பொட்டலம் போடும் பிரிவு. டார்லா பத்தொன்பது வருஷமாகத் துப்புரவுப் பிரிவு. சீஸைத் துருவலாகச் சீவும் மிஷினைத் தினமும் சாயங்காலம் கழுவுவது அவள் வேலை. உருளை நிறையக் கத்திகள். அதற்குள் தோள்வரை கையை விட்டுக் கழுவ வேண்டும். அதனால் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டுவாள். சிவப்புப் பூட்டு, அதில் அவள் பெயரும் படமும் இருக்கும். சாவி ஒன்றே ஒன்று, அது அவள் பையில். அவளே வந்து திறக்கும்வரை யாரும் மிஷினைப் போட முடியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் அவசரப்பட்டு இன்னொருத்தனின் பூட்டை வெட்டிவிட்டு மிஷினைப் போட்டான். உள்ளே கை வைத்திருந்தவனுக்கு இப்போது மூன்று விரல்கள் கிடையாது. அதன் பிறகு ஒரு விதி வந்தது. பூட்டுக்காரரைப் போனில் பிடித்து, ஆலைக்குள் இல்லை என்று அவர் வாயாலேயே கேட்டு, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பூட்டை வெட்டலாம். அதையும் சூப்பர்வைசர் மட்டும்தான் செய்யலாம். மற்றவன் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் சூப்பர்வைசர் கர்ட் லிண்ட்கிரன். நல்லவன்தான், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அவன் போன் அடித்தால் கன்றைத் தேடும் பசு மாதிரி 'ம்மா' என்று கத்தும். முக்கியமான கூட்டத்தில் எல்லாம் கத்தியிருக்கிறது. மாற்றித் தொலைடா என்றால் கேட்கமாட்டான். அவன் மகள் வைத்துக் கொடுத்ததாம்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை எங்களுக்கு என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. அன்றைக்கு யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தவனைக்கூடத் திங்கட்கிழமைதான் புதைப்போம். ஆலையை மூன்று வருஷம் முன்னால் டெக்சாஸ் கம்பெனி வாங்கியது. அவர்கள் என்ன கண்டார்கள்? போன நவம்பரில், அந்தச் சனிக்கிழமையே காலை ஆறு மணிக்குக் கட்டாய ஓவர்டைம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆர்டராம். நாங்கள் வயிறெரிந்தோம். டார்லாவுக்கு அன்று வேலை இல்லை, வெள்ளி சாயங்காலம் கழுவிக் கொடுத்தால் சரி.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நாற்பது பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றோம். மிஷினில் டார்லாவின் சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கர்ட்டைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை. எட்டு மணிவரை காத்திருந்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வரிசையாக நடந்தோம். வாசலைத் தாண்டியதும் ஓடினோம். எல்லோர் வண்டியிலும் துப்பாக்கி தயாராக இருந்தது.

சாயங்காலம் ஊர் மதுக்கடை வாசலில் டார்லா மானோடு வந்து இறங்கினாள். கழுத்தில் அந்தச் சாவி. கடையே எழுந்து நின்று கைதட்டியது.

"எங்களுக்காகத்தான் பண்ணியா? நிஜமாவா?" என்று யாரோ கத்தினார்கள்.

டார்லா ஒரு நிமிஷம் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பத்தொம்போது வருஷத்துல நான் ஒரு நாள் பூட்ட எடுக்க மறந்திருக்கேனா? இன்னிக்கு மட்டும் மறப்பேனா?"

கூரை பிய்ந்துகொண்டு போனது. நான் சாவியை வாங்கிக் கொம்பில் மாட்டிப் படம் எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெட்டதற்குப் பாதிக் காரணம் பக்கத்தில் போன் வைத்துக்கொண்டு நின்ற நான்.

செவ்வாய்க்கிழமை அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலையில்லாக் கால உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: வேண்டுமென்றே ஆலைக்கு நஷ்டம் உண்டாக்கிய ஒழுங்கீனம், எனவே தகுதியில்லை. இந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் புது ஆள் எடுப்பவர் யாரும் இல்லை. டார்லாவின் புருஷன் ரே இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் அடுக்களையை மட்டும் சூடேற்றிக்கொண்டு, மற்ற அறைகளைச் சாத்திவிட்டு, அடுக்களை பெஞ்சிலேயே படுத்துக்கொண்டாள். வசந்தம் வரை அந்தப் பணம் வராவிட்டால் வீடு பாங்குக்குப் போய்விடும். மேல்முறையீடு போட்டாள். ஜனவரியில் போன் மூலம் விசாரணை என்று தேதி வந்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தாள்.

நான் அரை மணி முன்னாலேயே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். மேஜையில் போன், பக்கத்தில் மான்கறி சூப்.

"இங்க பாரு டார்லா," என்றேன். "ரொம்பச் சுலபம். தெரியாம பண்ணது ஒழுங்கீனத்துல சேராது. நான் படிச்சுப் பாத்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்லிரு. வேற ஒரு வார்த்த வேணாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு பொய்தானே! வீடு போயிரும்டி!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ சூப்பக் குடி, லீராய்," என்றாள்.

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது. ப்ரென்னர் என்ற பெண் நீதிபதி. தடிமன் பிடித்த குரல். வாயில் மிட்டாய் ஒன்று பல்லில் இடிபடும் சத்தம் கேட்டது. மறுமுனையில் மிஸ் ஹாஸ்கலும் கர்ட்டும் இருந்தார்கள். உண்மையே சொல்வோம் என்று நீதிபதி எல்லோரிடமும் உறுதிமொழி வாங்கினார்.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்," என்றார் நீதிபதி. "தப்பு நடந்துச்சா இல்லையாங்கிறது இங்க கேள்வி இல்ல. தெரியாம நடந்துச்சா, வேணும்னே செஞ்சாங்களா? அதான் கேள்வி. வேணும்னே செஞ்சாங்கன்னு காட்ட வேண்டியது கம்பெனியோட பொறுப்பு."

"காட்டறேன் மேடம்," என்றாள் மிஸ் ஹாஸ்கல். "எங்க ஆதாரம் ஒண்ணாம் நம்பர், அந்த போட்டோ. மறந்துபோனவங்க சாவிய மான் கொம்புல மாட்டிக் கொண்டாடுவாங்களா?"

காகிதம் புரளும் சத்தம். "எட்டுக் கிளையா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க," என்றாள் டார்லா.

"ம். கீழ எழுதினது யாரு?"

"நான்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லீவு வாங்கிக் குடுத்ததா எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும் உங்களுக்கு?"

நான் டார்லாவைப் பார்த்தேன். சொல்லு என்பதுபோல் கையைக் காட்டினாள். உறுதிமொழி எடுத்துவிட்டேனே, என்ன செய்வது? மதுக்கடையில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மிஸ் ஹாஸ்கல் மறுமுனையில் மூச்சைத் திருப்தியாக விட்டது இங்கே கேட்டது.

அடுத்து டார்லாவின் முறை.

"அன்னிக்கு நடந்தத உங்க வாயாலேயே சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"மறந்துட்டேங்க," என்றாள் டார்லா.

நான் மேஜைக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"வெள்ளிக்கிழம கழுவி முடிச்சேன். ரே, என் வீட்டுக்காரர், அவர் துப்பாக்கிய இந்த வருஷம்தான் மொதமொத எடுத்துட்டுப் போகணும்னு வச்சிருந்தேன். தோட்டா வாங்கணும், கட சாத்திருவானேன்னு அதே நெனப்பு. பூட்ட எடுக்காமலே வந்துட்டேன். காலைல காட்டுல மரத்துப் பரண்ல உக்காந்து, கை விறைச்சுப்போச்சேன்னு கோட்டுப் பைல கைய விட்டேன். சாவி கைல தட்டுச்சு. அப்பதாங்க தெரிஞ்சுது எனக்கு."

அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. இவள் பொய் சொல்லவில்லை. இவள் நிஜமாகவே மறந்திருக்கிறாள். பத்தொன்பது வருஷமாகப் பூட்டை மறக்காதவள், யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல ஒரே ஒரு நாள் சறுக்கியிருக்கிறாள்.

"அப்ப அந்தக் கடையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

டார்லா கரண்டியை எடுத்து மேஜையில் நேராக வைத்தாள். "எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி யாரும் கைதட்டுனதில்ல. அந்த நேரத்துல 'இல்லப்பா, கிழவி மறந்துட்டேன்'னு சொல்ல மனசு வரல. அது பொய்தாங்க. இன்னிக்கு சொல்றதுதான் நெசம். ஊர்ல யாரு வேணா கேட்டுக்கட்டும்."

"இத இப்பதான் கண்டுபிடிச்சாங்க போல," என்றாள் மிஸ் ஹாஸ்கல்.

"உங்க முறை வரும்," என்றார் நீதிபதி. "டார்லா, சாவி கையில தட்டினது எத்தன மணிக்கு?"

"ஆறே கால் இருக்கும்."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

இங்கே அவள் தயங்கினாள். நான் நகத்தைக் கடித்தேன். பூட்டை மறந்தது தவறு. ஆனால் ஆறே காலுக்குத் தெரிந்த பிறகும் மானுக்காக உட்கார்ந்திருந்தால்? அது தெரிந்தே செய்தது.

"பரண விட்டு எறங்குனேன். கீழ சிக்னல் கெடையாது. மேட்டு மேல ஏறிப் போயி கர்ட்டுக்குப் போன் போட்டேன். நான் வெளிய இருக்கேன், பூட்ட வெட்டிக்கன்னு சொல்லலாம்னு. அடிச்சுது. எடுக்கல."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

டார்லா இன்னொரு போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். "ஆறு முப்பத்தெட்டு. கர்ட் லிண்ட்கிரன். எடுக்கலன்னு காட்டுது."

"ஆலைக்குத் திரும்பிப் போயிருக்கலாமே?"

"நாப்பது நிமிஷம் வண்டி ஓட்டணும். போயிருக்கலாம்தான். போகல. அத மறைக்க மாட்டேன். திரும்பி வந்து உக்காந்தேன். எட்டு மணிக்கு மான் வந்துச்சு."

"பூட்டு அப்படியே இருந்தப்ப, கம்பெனிலேருந்து இவங்களக் கூப்பிட்டீங்களா?" என்று நீதிபதி மிஸ் ஹாஸ்கலிடம் கேட்டார்.

"விதிப்படி சூப்பர்வைசர்தான் கூப்பிடணும்," என்றாள் மிஸ் ஹாஸ்கல்.

"சூப்பர்வைசர் எங்க இருந்தாரு?"

கர்ட் தொண்டையைச் செருமினான். "வீட்ல மேடம். காய்ச்சல். எழுதிக் குடுத்திருக்கேன். போன அணைச்சு வச்சிட்டுப் படுத்துட்டேன். கூப்பிட்டது எனக்குத் தெரியாது."

"சரி. டார்லா, இந்தச் சாட்சிகிட்ட நீங்க கேள்வி கேக்கலாம். ஏதாவது இருக்கா?"

டார்லா போனைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. கர்ட், உன் போன் இன்னும் மாடு மாதிரியேதான் கத்துதா?"

நீதிபதியின் வாயில் மிட்டாய் உருள்வது நின்றது.

"இது எதுக்குச் சம்பந்தம்?" என்றாள் மிஸ் ஹாஸ்கல்.

"பதில் சொல்லட்டும்," என்றார் நீதிபதி.

"ஆமா," என்றான் கர்ட், மெதுவாக. "அப்படியேதான்."

"அவ்வளவுதாங்க. வேற கேள்வி இல்ல," என்று டார்லா போனை நடுமேஜைக்கே தள்ளினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன். வீடு போகப்போகிறது, இவள் மாட்டைப் பற்றி விசாரிக்கிறாள்! நீதிபதி, "அப்போ சாட்சிகள முடிச்சுக்கலாம்…" என்று ஆரம்பித்தார்.

"மேடம்," என்றான் கர்ட். "ஒரு நிமிஷம். நான் சொன்னத மாத்தணும்."

"கர்ட், பேசாம இருங்க," என்றாள் மிஸ் ஹாஸ்கல்.

"இல்ல, மாத்தணும். நான் வீட்ல இல்ல. காய்ச்சலும் இல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க நெலம். அங்க பரண்ல உக்காந்திருந்தேன். ஆறு முப்பத்தெட்டுக்கு போன் அடிச்சுது. காடே கேக்கற மாதிரி கத்துச்சு. டார்லா பேரப் பாத்துட்டு அமுக்கிட்டேன். அவ கீழ ஓடைப் பக்கம் இருக்கான்னு நெனச்சேன். சத்தம் கேக்கற தூரத்துல நின்னிருக்கான்னு இப்பதான் தெரியுது. எடுத்திருந்தா ஏழரை மணிக்கெல்லாம் பூட்டு வெட்டியிருக்கலாம். மிஷின் ஓடாம போனது அவளால இல்ல. என்னால."

டார்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போனை வைத்ததும் கத்தினேன். "ரெண்டு மாசமா இது உனக்குத் தெரியுமா? மேட்டுல நின்னு மாடு கத்தறதக் கேட்டியா? மொதநாளே சொல்லியிருந்தா வேலையே போயிருக்காதே!"

"பரண்ல உக்காந்திருக்கிறவனக் காட்டிக் குடுக்கிறதா?" என்றாள். "உங்கப்பா உனக்குச் சொல்லித் தரலயா இதெல்லாம்?"

"அவன் உன்னத் தூக்கி எறிஞ்சானே!"

"அதுக்குத்தான் கேள்வி கேட்டேன். பதில் சொல்றது அவன் பாடு. உன் சூப் ஆறிப்போச்சு."

பத்து நாளில் தீர்ப்பு தபாலில் வந்தது. பூட்டை விட்டுச் சென்றது மறதியால் நேர்ந்த பிழை, தெரிந்தவுடன் உரியவருக்குத் தெரிவிக்க முயன்றிருக்கிறார், ஒழுங்கீனம் அல்ல, உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. பின்தேதியிட்டு எல்லா வாரத்துக்கும். டார்லா மற்ற அறைகளின் கதவைத் திறந்து ஹீட்டரைப் போட்டாள். கட்டிலில் போய்ப் படுத்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள்.

ஊர் இருக்கிறதே, அது வேறு. மதுக்கடைக்காரன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். விஷயம் தெரிந்ததும் யாரோ அதன் அடியில் 'மறதிக்கார மகராசி' என்று எழுதிவிட்டார்கள். நான் அதைக் கழற்றப் போனேன். டார்லா வேண்டாம் என்றுவிட்டாள். "எழுதினது சரிதானே," என்றாள். ஆனால் அன்றைக்கு அரைக் கோப்பையோடு எழுந்து போய்விட்டாள். வேலை போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். படம் எடுத்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

கர்ட்டை விசாரணை நடந்த அன்று சாயங்காலமே நீக்கிவிட்டார்கள். பிப்ரவரி கடைசியில், நான் டார்லா வீட்டுக் கூரையில் பனி வாரிப் போட்டுவிட்டுச் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கர்ட் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு கடித உறை. அவன் மகளுக்குச் சர்க்கரை வியாதி என்றும், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு அந்த மாசத்தோடு நின்றுவிட்டது என்றும் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

"தகுதியில்லன்னு வந்திருச்சு," என்றான், உள்ளே வராமலேயே. "மேல்முறையீடு எப்படிப் போடறதுன்னு தெரியல. உன்னத்தான்… வேற யாரக் கேக்கறதுன்னும் தெரியல."

"கதவச் சாத்து, சூடு போகுது," என்றாள் டார்லா.

உட்கார்ந்தான். அவன் பையில் போன் அடித்தது, சாதாரண மணிச் சத்தம்.

"மாட்ட வித்துட்டியா?" என்றாள் டார்லா.

அவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல், தலையைக் குனிந்துகொண்டான். டார்லா கண்ணாடியை மாட்டிக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள்.

"ஜெயிப்பியான்னு கேட்டா, கஷ்டம். நான் மறந்தேன். நீ மறந்து மரத்துல ஏறல. ஆனா யாரும் கேக்காதப்ப நீயா உண்மையச் சொன்ன, அதையும் எழுது. மேல்முறையீடு போட இன்னும் ஒம்போது நாள் இருக்கு. விசாரணை அன்னிக்கு இங்கயே வந்துரு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். லீராய், நீ போட்டோ எடுக்காத."

உறையிலிருந்த மேல்முறையீட்டுப் படிவத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினாள். முதல் கேள்வி, சம்பவ நேரத்தில் எங்கிருந்தீர்கள் என்பது. கர்ட் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்: 'பரணில்.'